61 நாள் விரதம்

வருஷா வருஷம் ஏப்ரல் 15 வந்தால் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு போட்டோ வரும். காசிமேட்டிலோ ராமேஸ்வரத்திலோ விசைப்படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். கீழே ‘மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது’ என்று ஒரு வரி. அந்த வாரமே நாம் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை கேட்டு மயக்கம் போடுவோம். ‘தடைக்காலம் சார், அப்படித்தான் இருக்கும்’ என்பார் மீன்காரர். நாமும் தலையாட்டிவிட்டு சிக்கன் கடைப் பக்கம் நடப்போம். மீன்பிடிச் சட்டத்தோடு நமக்கு இருக்கும் மொத்த உறவும் இவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தை நாம் படித்ததில்லை. படித்துப் பாருங்கள். நாற்பது வருஷமாக ஓடும் ஒரு தொடர்கதை மாதிரி இருக்கிறது. அவ்வப்போது புது அத்தியாயம் சேர்க்கிறார்கள், பாத்திரங்கள் வருகிறார்கள், போகிறார்கள். வில்லனை மட்டும் யாரும் தொடுவதே இல்லை!

முதல் அத்தியாயத்திலிருந்து பார்ப்போம்.

1950-களில் நார்வே நாட்டு உதவியோடு கேரளத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. மீன்பிடித் தொழிலை நவீனமாக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். கொஞ்ச காலத்தில் வெளிநாடுகளில் நம் இறாலுக்கு ஏகப்பட்ட கிராக்கி வந்தது. இறால் கிடப்பது கடலின் அடியில். அதை அள்ளத் தோதான வலை, இழுவைமடி. ஆங்கிலத்தில் ட்ராலர் என்கிற படகு இதைத்தான் இழுத்துக்கொண்டு போகும். வலையின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனத்த பலகைகள், அடியில் சங்கிலி. தரையைப் பெருக்குகிற மாதிரி கடலடியைப் பெருக்கிக்கொண்டு போகும். அரசாங்கமே கடன் கொடுத்து, மானியம் கொடுத்து, ‘வாங்குங்கப்பா, வாங்குங்க’ என்று ஊக்குவித்த வலை இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அதுவரை கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? ராத்திரி விரித்துவிட்டு வந்த வலையை, விடிவதற்குள் விசைப்படகு அறுத்துக்கொண்டு போயிருக்கும். மீனும் போச்சு, வலையும் போச்சு, வலை வாங்கிய கடன் மட்டும் மிச்சம். 1970-களில் நம் கடற்கரை நெடுகிலும் அடிதடி. படகுகளை எரித்தார்கள், உயிர்களும் போயின. மத்திய அரசு 1976-ல் மஜும்தார் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது. பிறகு ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளமும் கோவாவும் 1980-ல் சட்டம் போட்டன. தமிழ்நாடு 1983-ல் போட்டது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் என்பது அதன் முழுப் பெயர்.

அந்தச் சட்டத்தின் உயிர் ஒரு கோட்டில் இருந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், கட்டுமரக்காரருக்கு. விசைப்படகுகள் அதைத் தாண்டிப் போய்த்தான் வலை போட வேண்டும். பலசாலி தள்ளிப் போகணும், எளியவனுக்குக் கரையோரம் என்கிற எளிமையான நியாயம். சட்டம் யாருக்காகப் பிறந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், கடலில் கோடு போட சுண்ணாம்பு கிடையாது. இறாலுக்கும் கோடு தெரியாது, அது கரையோரத்திலேதான் அதிகம் கிடக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கடற்கரையை ஒரு சில ரோந்துப் படகுகளை வைத்துக்கொண்டு காவல் காக்க முடியுமா? ஆகவே கோடு காகிதத்தில் பத்திரமாக இருந்தது. விசைப்படகு கரையோரத்தில் பத்திரமாக இருந்தது.

*

இனிமேல்தான் ‘புதுப்பித்தல்’ அத்தியாயங்கள் வருகின்றன.

2000-ம் வருஷம் சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாடு தடை போட்டது. ஒரு மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து, அடியில் கயிற்றை இழுத்து, சுருக்குப்பை மாதிரி மூடித் தூக்குகிற வலை இது. 2001-ல் 45 நாள் தடைக்காலம் வந்தது. 2017 முதல் அது 61 நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்கு ஜூன், ஜூலை. 2020-ல் புதிய விதிகள் வந்தன. படகு இத்தனை மீட்டர், எஞ்சின் 240 குதிரைசக்திக்கு மேல் கூடாது, மடியின் வலைக்கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் எழுதினார்கள். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார்.

ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. முட்டையிடும் காலத்தில் மீனை விட்டுவைப்பது எந்த ஊர் விவசாயிக்கும் புரியும். விதைநெல்லைச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால், 61 நாள் விரதம் இருந்துவிட்டு 62-வது நாள் அண்டாவைக் கவிழ்த்துச் சாப்பிட்டால் அதற்குப் பேர் விரதமா? ஜூன் 14 நள்ளிரவு எல்லாப் படகும் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. தடைக்காலத்தில் பொரித்த குஞ்சுகள் அப்போதுதான் விரல் நீளம் வளர்ந்திருக்கும். முதல் வாரத்திலேயே அவை மடியில் வந்து விழும். இரண்டு மாசம் பொத்திப் பொத்திப் பாதுகாத்ததை, அதே வலையில் வாரிக் கொடுத்துவிடுகிறோம்.

வலைக்கண் 40 மில்லிமீட்டர் விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நம் வலைகளில் கண் பெரும்பாலும் டைமண்ட் வடிவம். கரையில் ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக இருக்கும். கடலில் படகு இழுக்க ஆரம்பித்ததும், பாரம் ஏற ஏற, அந்தக் கண் சுருங்கி மூடிக்கொள்ளும். பிறகு குஞ்சு எங்கே வெளியே போவது? சதுரக் கண் வைத்தால் திறந்தே இருக்கும் என்று மீன்வள விஞ்ஞானிகள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு விதி வேலை செய்கிறதா என்பதை அது எழுதப்பட்ட அறையில் கண்டுபிடிக்க முடியாது. கடலுக்குத்தான் போகணும்.

அந்தக் குஞ்சு மீன்கள் எங்கே போகின்றன தெரியுமா? உங்கள் வீட்டுக் குழம்புக்கு இல்லை. ராமநாதபுரம் பக்கம் அதற்கு ‘சங்காயம்’ என்று பேர். மனுஷன் சாப்பிட முடியாத, விலை போகாத கழிசல் என்று அர்த்தம். அதைக் காயவைத்து அரைத்து மீன் மாவாக்கிக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு வருஷம் பொறுத்திருந்தால் கிலோ நூற்றுக்கணக்கில் போகக்கூடிய மீன், ஒண்ணும் இல்லாத விலைக்குக் கோழிக்குப் போகிறது. அந்த முட்டையைத்தான் நாம் ‘சைவ முட்டை’ என்று சொல்லிக்கொண்டு ஆம்லெட் போடுகிறோம்!

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளம் 2015-ல் தொடங்கி, மீனுக்கு மீன் குறைந்தபட்ச நீளம் என்ன என்று சட்டப்படி அறிவித்தது. மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டர் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகளுக்குப் பட்டியல் போட்டார்கள். அதற்குக் குறைவாகப் பிடித்து வந்தால் துறைமுகத்திலேயே நடவடிக்கை. இதிலும் ஓட்டைகள் உண்டு. ஆனாலும் இந்த யோசனையில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. படகு எந்தக் கோட்டில் நின்றது என்று நடுக்கடலில் தேட வேண்டாம். கரைக்கு வந்தே ஆகணும் இல்லையா, அங்கே அளந்துகொள்ளலாம்.

*

இதே கடலுக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. வனத்துறை கையில் இருக்கும் 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

கடல் அட்டை என்று ஒரு பிராணி. பார்க்க வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும், கடலடி மண்ணில் கிடக்கும். நம்மூரில் யாரும் சாப்பிடுவதில்லை. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அதற்கு ஏக மவுசு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மூச்சடக்கி முங்கி அதை எடுத்துப் பிழைத்தவர்கள் உண்டு. 2001-ல் மத்திய அரசு கடல் அட்டைகளை முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கிற பட்டியல். அந்தப் பட்டியல் உயிரை வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில். 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது குறைந்தபட்ச அபராதத்தையும் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக்கினார்கள்.

அட்டை அழிந்துவிடும் என்ற பயத்தில் வந்த தடை அது. பயம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் அட்டை கிடக்கிற அதே கடலடியைச் சங்கிலியால் உழுதுகொண்டு போகிற இழுவைமடிக்கு என்ன தண்டனை? தண்டனையா? அதற்கு வரி விலக்கோடு டீசல் தருகிறோம். அதே 2023 மண்டபம் மாநாட்டில், விசைப்படகுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டர் என்றிருந்ததை 19,000 லிட்டராகக் கூட்டுவதாக அறிவிப்பு வந்தது. நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர், 4,400 லிட்டர் ஆகும் என்றார்கள்.

கையால் பத்து அட்டை எடுத்தவன் வனத்துறைக்குக் குற்றவாளி. வலையால் அட்டையோடு அதன் வீட்டையும் பெயர்த்தவர் மீன்வளத்துறைக்குப் பயனாளி. இருவரும் போனது ஒரே கடல். எந்தத் துறையின் கதவைத் தட்டுகிறோம் என்பதை வைத்து இயற்கை மாறுமா என்ன?

கடல் பசு கதையும் இதுதான். ஆவுளியா என்று கடற்கரை ஜனங்கள் சொல்லும் அந்தப் பாலூட்டி கடற்புல்லைத் தின்று உயிர் வாழ்வது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே முதல் முறை. கை தட்ட வேண்டிய விஷயம். ஆனால் பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல். பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர்தான். அங்கே இழுவைமடி போட்டால் புல் வேரோடு வந்துவிடும். பசுவுக்கு வேலி போட்டுவிட்டு, புல்வெளியை ஏலத்துக்கு விடுகிற கதை!

*

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வருவோம்.

ராமேஸ்வரம் மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது என்ற செய்தியை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? படித்ததும் நமக்குக் கோபம் வருகிறது, வர வேண்டியதுதான். சுட்டதும் அடித்ததும் படகைப் பிடுங்கியதும் எந்த நியாயத்திலும் சேராது. கைதாகிறவர்களில் பெரும்பாலோர் படகின் சொந்தக்காரர்கள்கூட இல்லை, பங்குக்கும் கூலிக்கும் போகிறவர்கள்.

ஆனால் அந்தக் கோபத்தில் நாம் எதிர்க்கரையைப் பார்க்க மறந்துவிடுகிறோம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான். யுத்த காலம் முழுக்க அவர்கள் கடலுக்குப் போகவே கட்டுப்பாடு. 2009-க்குப் பிறகு மெல்ல மெல்ல வலையோடு இறங்கியபோது எதிரே வந்தது நம்ம ஊர் இழுவைமடி. 1970-களில் நம் கட்டுமரக்காரருக்கு நடந்ததே அவர்களுக்கும் நடந்தது. ராத்திரி விரித்த வலை, விடிந்தால் துண்டு துண்டாக.

அவர்கள் என்ன செய்தார்கள்? 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியை அடியோடு தடை செய்தது. அதற்கான தனிநபர் மசோதாவை முன்னதாகக் கொண்டு வந்தவர் ஒரு தமிழர், எம்.ஏ.சுமந்திரன். சிங்களர் தமிழருக்கு எதிராகப் போட்ட சட்டம் என்று இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

நம் பக்கம்? 2016 நவம்பரில் டெல்லியில் நடந்த பேச்சுவார்த்தையில் இழுவைமடியைக் கூடிய சீக்கிரம் முடிவுக்குக் கொண்டு வருவது பற்றி இரு நாடுகளும் பேசின. 2017-ல் ஒரு திட்டம் வந்தது. இழுவைமடிப் படகைக் கொடுத்துவிட்டு, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுக்கு மாறலாம். படகு விலை 80 லட்சம். 70 சதவிகிதம் மானியம், 20 சதவிகிதம் வங்கிக் கடன், மீதி 10 சதவிகிதம் மீனவர் கையிலிருந்து. மூன்று வருஷத்தில் 2,000 படகுகள் என்பது இலக்கு. மூன்று வருஷம் போய், அதற்கு மேலும் பல வருஷம் போய்விட்டது. இலக்கின் கிட்டத்தில்கூடப் போகவில்லை.

ஏன்? காலையில் போய் மறுநாள் காலை திரும்புகிறவரை, ‘நாளையிலிருந்து வாரக்கணக்கில் நடுக்கடலில் இரு, வலை வேண்டாம், தூண்டில் போடு’ என்றால் அது வேறு தொழில். கையிலிருந்து 8 லட்சமும், தலைமேல் 16 லட்சம் கடனும் சின்னத் தொகை இல்லை. ஆழமில்லாத பாக் நீரிணைத் துறைகளில் அந்தப் பெரிய படகைக் கட்டி வைப்பதும் சிரமம். பணத்தை ஒதுக்கியவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களா தெரியவில்லை.

ராமேஸ்வரத்து விசைப்படகுக்காரர் நிலையை மேப்பில் பாருங்கள், புரியும். கரையோரம் நாட்டுப்படகுக்கு. வாரத்தில் 3 நாள்தான் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று ஏற்பாடு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாரே முப்பது கிலோமீட்டர்தான், பாதி வழியில் சர்வதேச எல்லை. நடுவில் மிச்சமிருக்கும் ஒடுக்கமான இடத்தில் பல வருஷம் பெருக்கிப் பெருக்கி மீனே இல்லை. இத்தனை படகுகளுக்கு அனுமதி கொடுத்தபோது அவை எங்கே போய்ப் பிடிக்கும் என்று யாராவது கேட்டார்களா? எல்லை தாண்டுவது மீனவர் செய்கிற தப்பு என்றால், தாண்டியே ஆக வேண்டிய நிலையை உருவாக்கியதில் நம் சட்டத்துக்குப் பங்கில்லையா?

*

‘12 கடல் மைலுக்கு மேல் எங்கள் அதிகாரம் செல்லாது’ என்று மாநில அரசு சொல்லும். உண்மைதான். அரசியல் சட்டப்படி கரையோரக் கடல் மாநிலத்துக்கு, அதற்கு அப்பால் மத்திய அரசுக்கு. இதனால் சுருக்குமடி விவகாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை சுருக்குமடியைப் பயன்படுத்தலாம் என்றது. மாநிலம் தடை செய்த வலை மாநிலத் துறைமுகத்திலிருந்தே கிளம்பி, மாநிலக் கடலைத் தாண்டிப் போய், ஆபீஸ் டைமில் மீன் பிடித்துவிட்டுத் திரும்பணும்! 2025 நவம்பரில் மத்திய அரசு அந்த வெளிக்கடலுக்குத் தனி விதிகள் கொண்டு வந்து, எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்பையும் இரட்டைமடியையும் தடுத்திருக்கிறது. இரட்டைமடி, அதாவது இரண்டு படகு சேர்ந்து இழுப்பது கூடாது. ஒரு படகு இழுத்தால்? அதைப் பற்றிப் பேச்சில்லை.

என் மனக்குறை இதுதான். நம் சட்டம் நாளைக் கணக்குப் பார்க்கிறது. தூரத்தைக் கணக்குப் பார்க்கிறது. குதிரைசக்தியைக் கணக்குப் பார்க்கிறது. எந்த வலையால் 1983-ல் இந்தச் சட்டமே தேவைப்பட்டதோ, அந்த வலை நமக்குத் தேவையா என்று மட்டும் ஒரு திருத்தத்திலும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன ஆகும்? ‘விசைப்படகுக்காரர் வயிற்றில் அடிக்கிறீர்களா’ என்பார்கள். முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இப்போது தேவைப்படுகிறது. அவர்களை இந்த வலைக்குள் இறக்கியது அரசாங்கம். ஆகவே வெளியே கொண்டு வரும் செலவும் அரசாங்கத்துடையது. ஒரே நாளில் தடை போடுவது அநியாயம். புதிதாக இழுவைமடிக்கு அனுமதி இல்லை என்று முதலில் அறிவிக்கலாம். இருக்கிற படகுகளை, நாடகம் இல்லாமல் நல்ல விலைக்கு அரசே வாங்கிக்கொள்ளலாம். டீசலுக்குப் போகும் மானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குத் திருப்பலாம். முதலாளிக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, கூடப் போன கூலிக்காரரைக் கை கழுவிவிடக் கூடாது. குஞ்சு மீனைத் துறைமுகத்தில் அளக்கலாம். வனத்துறையும் மீன்வளத்துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே கடலுக்கு ஒரே வரைபடம் போடலாம்.

இதைவிட முக்கியம், கடற்கரை ஊர்ப் பஞ்சாயத்துகளைக் கேட்பது. எந்த வலை எந்த மாசம் கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வைத்துக்கொண்ட கிராமங்கள் நம் கரையில் உண்டு. சட்டப் புத்தகம் வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே உண்டு. கடலில் சுமார் 6,000 விசைப்படகுகள் என்றால் நாட்டுப்படகுகள் 40,000-க்கும் மேல். மேடையில் சத்தமாகக் கேட்பது எந்தக் குரல் என்பது உங்களுக்கே தெரியும்.

‘எனக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம், நான் கோயமுத்தூரில் இருக்கேன்’ என்கிறீர்களா? டீசல் மானியத்தில் உங்கள் வரிப்பணமும் இருக்கிறது. உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வும் சட்டசபையில் மீன்வளத் துறை மானியக் கோரிக்கை வரும்போது கையைத் தூக்குகிறார், தொகுதியில் கடல் இருக்கிறதோ இல்லையோ. அடுத்த முறை ‘மீன்பிடிச் சட்டத்தில் திருத்தம்’ என்று பேப்பரில் படித்தால், எத்தனை நாள், எத்தனை ரூபாய் என்பதைத் தாண்டி வலையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கடல் இல்லாத ஊரிலிருந்து கேள்வி வந்தால் கொஞ்சம் யோசிப்பார்.